மயக்க டாக்டருக்கு ஆசைப்பட்டவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

பிள்ளை உதைப்பதைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ். அதற்காக நகைக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரியை எடுத்தேன். காலையில் உதைத்தது. மத்தியானமும் உதைத்தது. கிரைண்டர் ஓடும்போது மட்டும் சத்தமில்லாமல் கிடக்கிறது. அப்பனைப் போலத்தான், வேலை நடக்கிற இடத்தில் ஆளைக் காண முடியாது.

இவ்வளவு எழுதிய பிறகும் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. அரிசி களைந்த தண்ணீரையே வீணாக்காதவள் நான், தாளை வீணாக்குவேனா? முதல் பக்கத்தில் என்னென்னவோ கேட்டிருந்தார்கள். பெயர்: இசக்கியம்மாள். ஊர்: வடமலைப்பேரி. தொழில்: இட்லி மாவுக் கடை. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: வீட்டுக்காரர் சுடலைமுத்து, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவசரம் என்று சொன்னால் இவர் முதலில் சட்டையைத் தேடுவார் என்பதை எழுத அங்கே இடமில்லை.

டாக்டரம்மா இன்று ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "மொத பிள்ள ஆபரேசன்லா, இதும் ஆபரேசன்தான். ஆனா இங்க பண்ண முடியாதும்மா" என்றார். ஆஸ்பத்திரியில் தியேட்டர் இருக்கிறது, கத்தி இருக்கிறது, அறுக்க டாக்டரம்மா இருக்கிறார். மயக்க ஊசி போடுகிற டாக்டர் மட்டும் மாற்றலாகிப் போய் வருஷம் ஒன்றாகிறது, அந்த நாற்காலிக்கு ஆள் வரவில்லை. இலை போட்டுத் தண்ணீரும் தெளித்த பிறகு சோறு வடிக்க ஆளில்லை என்ற கதை. ஆகவே நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மாவட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். நடுவில் ரயில்வே கேட் இருக்கிறது.

பயமெல்லாம் ஒன்றுமில்லை. சும்மா எழுதி வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

உதைத்தது.

தாலுகா ஆஸ்பத்திரிப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். இன்று சமுதாயக் கூடத்தில் கூட்டம். வடையும் டீயும் உண்டு என்பதால் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

தலைவர் ஆவுடையப்பன் சார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க அடுத்தவர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு இப்போது தானே எழுதித் தீர்க்க வேண்டும் என்று வெறி. எம்எல்ஏவுக்கு எழுதிய மனுவை வாசித்தார். முதல் பக்கம் முழுக்க எம்எல்ஏவுக்குப் பட்டங்கள். ஆஸ்பத்திரி என்ற சொல் வருவதற்குள் எனக்கு ஒரு வடை தீர்ந்துவிட்டது.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. மருத்துவ உரிமை மசோதா என்று ஒன்று சட்டசபையில் இருக்கிறது. அது சட்டமானால், எல்லாத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் வாரம் ஏழு நாளும், பகலும் இரவும், பிரசவ ஆபரேஷனுக்கு வேண்டிய டாக்டர்கள் அத்தனை பேரும் இருந்தே தீர வேண்டும். அதை ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அந்தக் குழுவில் எங்கள் எம்எல்ஏ கோமதிநாயகம் அண்ணாச்சியும் உண்டு. குழு சரி என்றால்தான் மசோதா சபைக்குத் திரும்பும். அண்ணாச்சி இன்னும் சரி என்று சொல்லவில்லை.

எதிர் வீட்டுப் பேச்சித்தாய் கடைசி வரிசையில் இருந்தாள். மாசி மாதம் வலி வந்து ஆம்புலன்சில் போகும்போது கேட்டை அடைத்துவிட்டார்கள். ஒரு சரக்கு ரயில் போனது. திறப்பதற்குள் எதிர்ப்பக்கம் இருந்து இன்னொன்று வந்தது. பிள்ளை அங்கேயே போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுப் பக்கம் போவதுமில்லை. அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் என் பங்கு இரண்டாவது வடையைக் கொடுத்தேன். வாங்கித் தின்றாள்.

ஜூன் 14, சனி

மனுவை எடுத்துக்கொண்டு எம்எல்ஏ வீட்டுக்குப் போனோம். வாசலில் அவருடைய பி.ஏ. நின்றான். "அண்ணாச்சி மெட்ராசுக்குப் போயிருக்காவ. வச்சிட்டுப் போங்க" என்றான்.

அப்போது உள்ளே யாரோ தும்மினார்கள். அந்தத் தும்மலைத் தெரியாதவர் எங்கள் தொகுதியில் கிடையாது. மேடைக்கு மேடை மைக்கில் தும்மியே மூன்று தேர்தல் ஜெயித்தவர் அண்ணாச்சி.

"மெட்ராசுல தும்முனா இங்கன வரைக்கும் கேக்கே, நல்ல சத்தம்" என்றேன்.

பி.ஏ. மேலே விட்டத்தைப் பார்த்தான். ஆவுடையப்பன் சார் என்னை முறைத்தார். மரியாதையாக மனுவை வைத்துவிட்டு வந்தோம்.

திரும்பும்போது கூட வந்த பெண்கள் விஷயத்தை உடைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பெரிய நர்சிங் ஹோம் அண்ணாச்சியின் மச்சினனுடையது, அதாவது அவர் சம்சாரம் சிவகாமி மதினியின் கூடப்பிறந்த தம்பியுடையது. தாலுகா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நின்றதில் இருந்து அங்கே திருவிழாக் கூட்டம். மயக்க டாக்டர் அங்கே மட்டும் தினமும் இருக்கிறார். நாங்கள் அங்கே பிள்ளை பெற வேண்டுமென்றால் லோடு ஆட்டோவையும் கிரைண்டரையும் விற்றுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து வர வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

உதைத்தது.

ஜூன் 21, சனி

மகள் பூரணிக்கு இரட்டைச் சடை பின்ன இவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று பிரி என்று சொன்னால் இவருக்கு நான்காவது ஒன்று எங்கிருந்தோ வருகிறது. பூரணி கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழுதாள். "இப்பம் எதுக்கு இது? நீதான் பின்னுதியே?" என்று இவர் கேட்டார். ஆம்பிளையும் பழக வேண்டும் என்று சொன்னேன். உளுந்துக்கு எவ்வளவு அரிசி, வெந்தயம் எப்போது போட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். இவருக்கு மறதி அதிகம், அதனால் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் பூரணிக்குப் பாவாடைத் துணி எடுக்க லோடு ஆட்டோவில் மாவட்டத் தலைநகருக்குப் போனோம். அப்படியே ஆஸ்பத்திரி வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வந்தோம். போகும்போதும் கேட் அடைத்திருந்தது, வரும்போதும் அடைத்திருந்தது. துணி எடுக்க மறந்துவிட்டோம்.

ஜூன் 27, வெள்ளி

தண்ணீர்த் தொட்டி திறக்க வந்த அண்ணாச்சியைக் கடைசியில் பிடித்துவிட்டோம். கத்தரிக்கோலும் கையுமாக நின்றவரால் ஓட முடியவில்லை.

"மசோதாவ ஆழமா ஆய்வு பண்ணிட்டு இருக்கோம்" என்றார்.

"அண்ணாச்சி, எனக்கு இது ஏழாம் மாசம். ஒங்க ஆய்வுக்கு எத்தன மாசம்?" என்று கேட்டேன்.

சிரித்தார். நன்றாகத்தான் சிரிக்கிறார். அப்புறம் ரிப்பனை வெட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். தொட்டியில் தண்ணீர் வரவில்லை.

ஜூலை 2, புதன்

அங்கன்வாடி டீச்சர் அந்தோணியம்மாள் மாவு வாங்க வந்தார். பதினொன்றாம் தேதி, ஆடி பிறப்பதற்கு முன்னால், அரசாங்கச் செலவில் சமுதாய வளைகாப்பாம். நாற்பது கர்ப்பிணிகள். தலைமை எம்எல்ஏ. என் பெயரையும் சேர்த்திருக்கிறார்.

"போன வருசம் அண்ணாச்சி என்ன செஞ்சாவ தெரியும்லா?" என்றார். தெரியும், ஊருக்கே தெரியும். மேடையில் மைக்கைப் பிடித்து, 'தாயி, ஒனக்கு என்ன ஆசை?' என்று ஒருத்தியைக் கேட்டார். அவள் பால்கோவா என்றாள். அந்த நிமிஷமே கார் அனுப்பி வாங்கிவரச் செய்தார். தாயுள்ளம் கொண்டவர் என்று மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது.

மாவை அளந்துகொண்டே யோசித்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லை என்று சொன்னால், பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எந்தக் கல்நெஞ்சக்காரனும் அதற்குப் பயப்படுவான். அதுவும் மைக் முன்னால், போட்டோக்காரன் முன்னால்.

"டீச்சர், இந்த வருசமும் ஆசையக் கேப்பாவளா?"

"கேக்காம இருப்பாவளா?"

"நாப்பது பேரும் மயக்க டாக்டர்தான் வேணும்னு சொன்னா?"

டீச்சர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மாவுப் பாக்கெட்டைப் பைக்குள் வைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு ஒரு காது கேக்காது."

"எந்தக் காது டீச்சர்?"

"தேவப்படுத காது" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது நாற்பது பேரின் பெயரையும் தெருவையும் எழுதிய தாளை மறதியாக என் தராசுத் தட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

கடையில் ஒத்திகை. வந்தவர்களுக்கெல்லாம் வயிறு முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தாள். கடைக்குள் பத்துப் பேர் நின்றால் திரும்ப இடமில்லை. நான் மாவுக் கரண்டியை மைக்காக வைத்துக்கொண்டு அண்ணாச்சியாக நடித்தேன், தும்மலோடு சேர்த்து. முதலில் நிற்கப் போகிறவள் கீழத்தெரு முப்பிடாதி. குரல் நன்றாக இருக்கிறது, கூச்சம் கிடையாது.

"தாயி, ஒனக்கு என்ன ஆச?"

"மயக்க டாக்டரு!" என்று முப்பிடாதி போட்ட சத்தத்தில் தெரு நாய் குரைத்தது.

ஆவுடையப்பன் சார் கேள்விப்பட்டு வந்துவிட்டார். "இதெல்லாம் மரபில்லம்மா. விளையாட்டுத்தனமா இருக்கு. எட்டாவது மனு தயாராயிட்டு இருக்கு."

"எழுதுங்க சார், நல்லா எழுதுங்க" என்றேன். பேச்சி கடை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

உதைத்தது, நிறைய.

முதலில் நடந்ததை எழுதுகிறேன், பிறகு திட்டிக்கொள்கிறேன்.

மண்டபத்தில் நாற்பது பேரையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், ஐந்து வகைச் சோறு. சிவகாமி மதினி ஒவ்வொருத்தியாகச் சந்தனம் பூசி வளையல் போட்டு வந்தார். அண்ணாச்சி மைக்கோடு பின்னாலேயே வந்தார். ஒரு தும்மல் போட்டுவிட்டு, நாங்கள் நினைத்தது போலவே முப்பிடாதி முன்னால் போய் நின்றார்.

"தாயி, ஒனக்கு என்ன ஆச? கூசாம சொல்லு!"

முப்பிடாதி வாயைத் திறந்தாள். மைக்கைப் பார்த்தாள். ஐந்து வகைச் சோற்றையும் பார்த்தாள். அதில் ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"பிரியாணி" என்றாள்.

"மட்டனா, சிக்கனா?"

"மட்டன் அண்ணாச்சி."

மண்டபம் கைதட்டியது. டிரைவர் ஓடினான். அடுத்தவள், "எனக்கும் அதான்" என்றாள். மூன்றாமவள் அல்வா என்றாள். ஒத்திகையில் நாய் குரைக்கக் கத்தியவர்கள் இவர்கள்தான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மசக்கைக்காரியிடம் நிஜமாகவே என்ன ஆசை என்று கேட்டால் நிஜமான ஆசைதான் வாயில் வரும். திட்டம் போட்டவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

நான்காவது நான். நக்கலாக ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். மைக் வாயருகே வந்தது.

"சொல்லு தாயி. மாங்காயா, சாம்பலா?"

"எனக்கு மயக்க டாக்டர் வேணும் அண்ணாச்சி."

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். அதற்கடுத்து நக்கல் வர வேண்டும், வரவில்லை. வேறு என்னவோ வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு. அதுக்குச் சட பின்ன அவ அப்பாவுக்கு இன்னும் வரல. அந்த ரயில்வே கேட்டுல கெடந்து சாவ எனக்கு ஆசயில்ல. பெத்துட்டு, பிள்ளயோட வீட்டுக்கு நடந்து வரணும். அதான் என் ஆச."

மைக்கில் என் மூச்சு எனக்கே கேட்டது. இந்த டைரியில் பயமில்லை பயமில்லை என்று எழுதியதெல்லாம் பொய். டாக்டரம்மா சொன்ன அன்றிலிருந்து பயம்தான். தூங்கும்போதுகூட அந்தக் கேட்டின் மணி கேட்கிறது.

பக்கத்தில் இருந்தவள், "எனக்கும் மயக்க டாக்டரு" என்றாள். அவளுக்கு அடுத்தவளும் அதையே சொன்னாள். வரிசை முழுக்க அப்படியே போனது. முப்பிடாதி எழுந்து நின்று, "அண்ணாச்சி, எனக்கும் மயக்க டாக்டருதான். வாய் தவறிட்டு" என்றாள். கொஞ்சம் யோசித்து, "பிரியாணியும் வரட்டும், சொல்லியாச்சுல்லா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அண்ணாச்சி, "இது அரசின் கவனத்துக்கு..." என்று இழுத்தார்.

"காதுல சீழ் வடியும்!" என்று பின்னால் இருந்து ஒரு குரல். யார் என்று பார்க்கவில்லை. அங்கன்வாடி டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவகாமி மதினி என் கையில் பாதி ஏற்றிய வளையலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேசியது பக்கத்தில் இருந்த மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஏங்க, வயித்துப் பிள்ளக்காரி கேட்டா இல்லேன்னு சொல்லப்படாது. சொல்லிராதிய."

சொந்தத் தம்பி நர்சிங் ஹோமின் வியாபாரம் இது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னார். அந்த வளையலை வலிக்காமல் ஏற்றிவிட்டார்.

அண்ணாச்சிக்கு வேர்த்தது. மயக்க டாக்டருக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். போட்டோக்காரன் பிளாஷ் அடித்ததும் உற்சாகம் வந்து, "எந்தாயிமாருக்கு எந்நேரமும் நான் இருக்கேன். எழுதிக்கிடுங்க!" என்று மைக்கிலேயே போன் நம்பரைச் சொன்னார். பி.ஏ. தலையில் கையை வைத்தான். அது பி.ஏ. வைத்திருக்கிற நம்பர் இல்லை, அண்ணாச்சி சட்டைப் பையிலேயே இருக்கிற நம்பர். நாற்பது பேரும் போனை எடுத்தோம்.

"அப்பம் மசோதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்துப் பிரியாணி வந்துவிட்டது. நாற்பது வயிறும் வாசல் பக்கம் திரும்பிவிட்டன. நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 12, சனி

பேப்பரில் போட்டோ. கர்ப்பிணிகளுக்குப் பிரியாணி வழங்கிய எம்எல்ஏ என்று போட்டிருக்கிறான். நாசமாய்ப் போகிறவன். நான் அழுகிற படம் இரண்டாம் பக்கத்தில், அதில் என் மூக்கு பெரிதாக இருக்கிறது.

பேச்சி காலையில் வந்து அந்த நம்பரைக் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 26, சனி

மயக்க டாக்டர் வந்துவிட்டார். அண்ணாச்சி சொன்னபடி செய்துவிட்டார், பாதி. வேறு ஊரில் இருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவாராம். ஆக, வடமலைப்பேரியில் பிள்ளைகள் இனி செவ்வாயும் வெள்ளியும் பார்த்துப் பிறக்க வேண்டும். மற்ற ஐந்து நாளும் வயிற்றுக்குள் உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

மசோதா இன்னும் ஆழமான ஆய்வில் இருக்கிறது. ஆவுடையப்பன் சார் எட்டாவது மனுவை அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

டாக்டரம்மா நாள் குறித்துவிட்டார். செப்டம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை. "அதுக்கு முன்ன வலி வந்துட்டா?" என்று கேட்டேன். "வராதுன்னு நெனச்சுக்கோம்மா" என்றார். படித்தவர் சொல்கிற வைத்தியம் இது.

இவர் பின்னிய சடை இன்று நேராக வந்தது. பூரணி பள்ளிக்கூடம் வரை அவிழ்க்காமல் போனாள். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

உதைத்தது. இடுப்பு கடுக்கிறது. இவர் மாவில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார்.

செப்டம்பர் 6, சனி

ஒரு வாரமாக எழுதவில்லை. எழுதுகிற நிலைமையில் இல்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் மாவு அளந்துகொண்டிருக்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, இந்தப் பிள்ளைக்குப் பொறுமை கிடையாது. இவர் சட்டையைத் தேடினார். சட்டை இவர் உடம்பில்தான் இருந்தது.

தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்த்ததும் மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்? டாக்டரம்மா வந்து வயிற்றில் கையை வைத்துப் பார்த்து, "பழைய தையல் தாங்குமான்னு தெரியல, சீக்கிரம் கொண்டு போங்க" என்றார். ஆம்புலன்சில் ஏற்ற வந்தார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கேட்டுக்குப் போக மாட்டேன், கேட்டுக்குப் போக மாட்டேன் என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

பேச்சி எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறாள். அவள்தான் முதலில் அண்ணாச்சிக்குப் போன் போட்டது. போட்டுவிட்டு, வளைகாப்புக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி விடாமல் எல்லோரும் போட்டார்கள். முப்பிடாதிக்கு முந்தின நாள்தான் பிள்ளை பிறந்திருந்தது. பக்கத்து வார்டில் படுத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போட்டாளாம்.

அண்ணாச்சி ஏதோ கல்யாண வரவேற்பில் இருந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கட்சிக்கொடி கட்டிய கார் ஆஸ்பத்திரிக்குள் வந்து நின்றது. சிவகாமி மதினி பட்டுப் புடவையோடு இறங்கினார். பின்சீட்டில் இருந்து ஒரு மனுஷன் இறங்கினார். தம்பியின் நர்சிங் ஹோமில் இருந்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் மதினி.

மயக்க டாக்டர் என்று பெயர்தான். இடுப்புக்குக் கீழேதான் மரத்துப் போனது, நான் முழித்துக்கொண்டே கிடந்தேன். அதனால் அழுகைச் சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். ஆண் பிள்ளை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு இருந்த சந்தோஷத்தை இந்த டைரியில் எழுதத் தெரியவில்லை. செத்துப்போவேன் என்று ஜூன் மாதமே முடிவு செய்து வைத்திருந்தேன். சாகவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

அண்ணாச்சி பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். போட்டோக்காரன் வரவில்லை, பி.ஏ.வும் வரவில்லை.

"அன்னைக்கு எம் போனு சூடாகிப் பொசுங்கிட்டு தாயி. எடுத்தா ஒருத்தி, வச்சா ஒருத்தி. பந்தியில இருந்து பாதியில எந்திரிச்சிட்டேன்."

"பெரிய சிரமந்தான் அண்ணாச்சி. புதன்கிழம மேலத்தெரு முத்துலெச்சுமிக்கு நாளு. அது ஒங்க செவ்வாயிலயும் சேராது, வெள்ளியிலயும் சேராது. அவகிட்டயும் ஒங்க நம்பர் இருக்கு."

அண்ணாச்சி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அந்த மசோதா சட்டமாயிட்டா எனக்குப் போன் வராதுல்லா?"

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி போடப் போறோம்? டாக்டர்தான் அங்கனயே இருப்பாவள்லா."

அண்ணாச்சி பிள்ளையின் கையில் விரலைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு, "மத்த போனையெல்லாம்கூட சமாளிச்சிருப்பேன். மொதல்ல ஒரு பிள்ள பேசிச்சு. அதுக்குப் பொறவு எனக்குச் சோறு எறங்கல. போன அப்படியே சிவகாமி கையில குடுத்துட்டேன்" என்றார். என்ன பேசியது என்று கேட்டேன். சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 25, வியாழன்

மசோதா நிறைவேறிவிட்டது. குழு ஒப்புக்கொண்டு சபைக்கு அனுப்பி, இன்று ஓட்டெடுப்பும் முடிந்தது. கடையில் டிவியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தோம். அண்ணாச்சி ஆதரித்துப் பேசினார். "என் தொகுதித் தாய்மார்களின் குரல் என் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது" என்றார். சட்டசபையில் மேஜையைத் தட்டினார்கள். எங்கள் கடையில் சிரித்துப் புரண்டார்கள். எனக்குத் தையல் வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

ஆவுடையப்பன் சார் ஊருக்கெல்லாம் லட்டு கொடுக்கிறார். எட்டாவது மனுதான் வேலை செய்ததாம். சொல்லிவிட்டுப் போகட்டும், லட்டு நன்றாக இருக்கிறது. ஏழு நாளும் டாக்டர் வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நான் நம்புவேன். வராவிட்டால் என்ன, நம்பர் இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு பேச்சி வந்தாள். பிள்ளை பிறந்ததில் இருந்து வாசல் வரை வருவாள், உள்ளே வர மாட்டாள். இன்று வந்தாள். தூளியில் கிடந்தவனைப் பார்த்தாள். தூக்கட்டுமா என்று கேட்கவில்லை, நான்தான் எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவன் அவளையும் உதைத்தான்.

"ஏட்டி பேச்சி, அன்னைக்கு அண்ணாச்சிகிட்ட நீ என்னதான் சொன்ன? திட்டுனியா?"

"இல்லக்கா. நான் யாரத் திட்டுனேன்?" என்றாள். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள்.

"எம்பிள்ள கேட்டுல கெடந்து செத்தப்பம் ஒங்க நம்பர் எங்கிட்ட இல்ல அண்ணாச்சி, இன்னைக்கு இருக்கு. அதான் சொன்னேன்."